கைமாறாத காசு

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அம்மா நன்றாக இருக்கிறாள். மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நான் அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியாகத் துப்புகிற அளவுக்கு நன்றாக இருக்கிறாள். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானின் குறட்டை? போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டை போடுகிறோம், அம்மாவுக்கும் ஒன்றும் காதில் விழுவதில்லை. கடிதம் என்றால் நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்கலாம். அவளும் நடுநடுவே "திரும்பப் படி" என்பாள். அதனால் நிறைய எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் வெள்ளிக் காசை உங்கள் கம்பெனிக்குத் தரம் பார்த்து மதிப்பெண் போட அனுப்பினேன். முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்பாய் என்றுதான் சொல்லவில்லை. நான் பிறந்த அன்றைக்கு அப்பா தான் வேலை பார்த்த பாங்கில் புதுக் காசுச் சுருளைப் பிரித்து, பதிலுக்குத் தன் பணத்தை வைத்துவிட்டு எடுத்து வந்த காசு. விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் மான், மானின் கண்ணுக்குக் கீழே அச்சிலேயே விழுந்த ஒரு பொட்டு, அழுகிற மாதிரி. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அதன் ஓரத்தைப் பிடித்துக் காட்டி, "இது கைமாறாத காசு" என்பாரே!

அதை நம்பாத ஒரே ஆள் சித்தப்பா. அவர்தானே இங்கே நாணயச் சங்கத்துக்குச் செயலாளர். போன மாதம் எல்லோர் முன்னாலும், "அண்ணன் அதை ஏதாவது டீக்கடைச் சில்லறையில பொறுக்கியிருப்பாரு, மொகத்துல பளபளப்பே இல்லையே" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்ததே கோபம். அப்பா இருந்தால் அவரே பதில் சொல்லியிருப்பார். இல்லாததால் நான்தான் சொல்ல வேண்டும். ஜூனில் சங்கத்தின் கண்காட்சி. அதில் உங்கள் மதிப்பெண் சீட்டோடு காசை வைத்துக் காட்டப்போகிறேன்.

எழுபதுக்கு அறுபத்து மூன்று வந்தது. அறுபதுக்கு மேல் என்றால் புழங்காத காசு என்று அர்த்தமாம், ஆகவே அப்பா சொன்னது உண்மை. ஆனாலும் அறுபத்து மூன்று எந்த நியாயம்? எனக்கு மனசு ஆறவில்லை. நீங்கள் மூடி அனுப்பிய பிளாஸ்டிக் டப்பியைக் குறடு வைத்து உடைத்து, காசை எடுத்து, புதுக் காசு போல மறுபடியும் உங்களுக்கே அனுப்பிவிட்டேன். காசுகளை டப்பியில் வைத்து மூடுகிற அறையில்தானே நீ இருக்கிறாய்? உன் கைக்கே வந்தாலும் வரும். வந்தால் நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உண்டியல்


ஜனவரி 29

அன்புள்ள உண்டியலுக்கு,

முழங்கால் மாடிப்படியில் மட்டும் வலிக்கிறது, சமதரையில் சமர்த்தாக இருக்கிறது. அத்தானின் குறட்டையைப் பற்றி மேல்மாடிக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். அம்மா, மாத்திரையைத் துப்பாதே. இவன் இதைப் படிக்கும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

தம்பி, உனக்குப் புத்தி இருக்கிறதா? டப்பியை ஏன் உடைத்தாய்? அறுபத்து மூன்று என்ன கேவலமா? எட்டாம் வகுப்பில் எந்தப் பாடத்திலாவது நூற்றுக்கு அவ்வளவு வாங்கியிருக்கிறாயா? ஒரு தடவை நல்ல பெயர் கிடைத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். நீ இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நிற்கிறாய். சின்ன வயதில் சோற்றுத் தட்டு முன்னாலும் இப்படித்தான்.

எனக்கு வேலையில் ஒரு சின்ன மாற்றம். மூடுகிற அறையிலிருந்து மாடிக்கு மாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் முழங்கால் புகார். விவரமெல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன். உன் காசு என் கைக்கு வராது. அங்கே நான்கு மேஜை இருக்கிறது.

சித்தப்பா சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அவருக்கு எப்போதும் அப்பாவோடு ஒரு போட்டி. அப்பா அதை ரசிக்கத்தான் செய்தார். குளிர் விடுகிற வரைக்கும் அம்மாவுக்குக் காலுறை போட்டுவிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவுக்குக் காலுறை போட்டாயிற்று, ஒற்றைக் காலில். இன்னொன்று அரிக்கிறதாம். நீ மாடிக்குப் போனதில் அவளுக்குப் பெருமை. பக்கத்து வீட்டில் போய், "என் பொண்ணை மேல தூக்கிட்டாங்க" என்று சொல்லி, அவர்கள் பதறிப்போய், நான் போய் விளக்க வேண்டியதாயிற்று.

காசு திரும்பி வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு படி. மதிப்பெண்ணே இல்லை! எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வார்த்தை: "கழுவப்பட்டது". புதுசு மாதிரி காட்ட யாரோ அதைத் தேய்த்துக் கழுவிவிட்டார்களாம், ஆகவே எண் போட மாட்டார்களாம். அக்கா, அதே காசு! இரண்டு மாதத்துக்கு முன்னால் அறுபத்து மூன்று வாங்கிய அதே மான்! நடுவில் நான் அதை மூச்சுக் காற்று படாமல் வைத்திருந்தேன். அப்பாவோ ஓரத்தைத் தவிர வேறெங்கும் தொட மாட்டார். யார் கழுவினார்கள்? தபால்காரரா?

சித்தப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீக்கடைச் சில்லறைன்னு நான் சொன்னேன், அதைக் கழுவி வேற வெச்சிருக்காரா அண்ணன்?" என்றார். சங்கத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிச் சிரிக்கிறார்கள், நான் அங்கே டீத் தம்ளரோடு நிற்கிறேன்.

என் பட்டறை மேஜையில் பல் நிறம் பார்க்கிற கட்டைகள் பதினாறு இருக்கின்றன. மூன்றாம் கட்டை என்று டாக்டர் எழுதி அனுப்பினால் நான் மூன்றாம் கட்டை நிறத்தில் பல் கட்டுவேன். எந்த ஊரிலும் மூன்றாம் கட்டை மூன்றாம் கட்டைதான். ஒரு மாதம் வெள்ளை, மறு மாதம் மஞ்சள் என்று நான் சொன்னால் என்னை வேலையில் வைத்திருப்பார்களா? உங்கள் கம்பெனியில் மட்டும் இது எப்படி நடக்கிறது? எந்தப் புண்ணியவான் அந்த மதிப்பெண் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான்? கண்ணுக்குப் பதில் கோலிக்குண்டு வைத்திருக்கிறானா?

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "கழுவப்பட்டது" என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் அவமானமாக இருந்திருக்கும். சாப்பிடக் கூப்பிட்ட பிறகுதான் வெளியே வந்தாள்.

கோபத்துடன், ஆனால் உன்மேல் இல்லை,
உண்டியல்


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு என் அன்பு. இன்னொரு காலுறையும் போட்டுக்கொள்ளச் சொல்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் மேஜையில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் கொஞ்சம் ஆறுவாய். ஜன்னல் இல்லாத அறை. கறுப்புத் துணி, ஒரே ஒரு விளக்கு. காசின் சொந்தக்காரர் யார் என்று யாருக்கும் தெரியாது, ஒரு நம்பர் மட்டும்தான். மேஜைக்கு மூன்று பேர். ஒருவர் பார்த்து மனசுக்குள் ஓர் எண் போட்டுக்கொண்டு அடுத்தவரிடம் தள்ளுவார். ஒரு காசுக்கு ஒரு பெருமூச்சு நேரம் கிடைத்தால் அதிகம். காலையில் பளபளப்பாகத் தெரிகிற முகம் சாப்பாட்டுக்குப் பிறகு மங்கலாகத் தெரியும். அதற்கு முன்னால் பார்த்த காசு மிக அழகாக இருந்தால் அடுத்தது பாவம். பார்ப்பது மனிதர்கள்தானே.

நிறக் கட்டை பற்றி நீ எழுதியதைப் படித்து அத்தானும் நானும் சிரித்தோம். சித்திக்கு நீ கட்டிய முன்பல் வீட்டுக்குள் வெள்ளையாகவும் வெயிலில் மஞ்சளாகவும் இருக்கிறதே, அது எந்தக் கட்டை? கல்யாண வீடுகளில் அவள் பந்தலை விட்டு வெளியே வந்து சிரிப்பதே இல்லை.

கழுவப்பட்டது என்று சொன்னவருக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும். விட்டுவிடு. காசை அப்பாவின் பெட்டியிலேயே வை. இனிமேல் அனுப்பாதே, நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது சரியாக ஒரு பக்கம். எப்போதும் நான்கு பக்கம் எழுதுவாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மா கேட்கிறாள். அவள் சௌக்கியம், இரண்டு காலிலும் காலுறை. சித்தியின் பல்லைப் பற்றிப் படித்ததும் அவ்வளவு சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தப் பல்லை நான் டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன், அது வேறு கதை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே காசை மூன்றாம் தடவை அனுப்பிவிட்டிருந்தேன். வந்துவிட்டது. அறுபத்து இரண்டு! இப்போது கழுவப்படவில்லையாம்! ஒரே காசு, ஒரே கம்பெனி, மூன்று தீர்ப்பு. இந்த மூன்று சீட்டையும் மேஜைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறுபத்து இரண்டும் அறுபத்து மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி, அது பரவாயில்லை. நடுவில் இருக்கிறதே, அது மட்டும்தான் அப்பாவைப் பொய்யர் ஆக்குகிறது.

ஆகவே புகார் எழுதிவிட்டேன். சங்கத்தின் பெயரில் போகும். சித்தப்பாவே கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். அவருடைய காசுகளுக்கும் இப்படித்தான் ஏறுக்குமாறாக வந்திருக்கிறதாம், இப்போதுதான் சொல்கிறார். இந்த விஷயத்தில் மட்டும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சி. இரண்டாம் தடவை மேஜையில் இருந்த மூன்று பேர் யார், "கழுவப்பட்டது" என்று சொன்னது யார், அவரை அந்த இடத்தில் வைத்திருக்கலாமா என்று விசாரித்துப் பதில் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவர் வெளியூரிலிருந்து வந்ததும் கையெழுத்து வாங்கித் தபாலில் போட்டுவிடுவேன்.

அம்மா "விட்டுடுடா, விட்டுடுடா" என்கிறாள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. பயப்படாதே, உன் பெயர் எங்கேயும் வராது.

அன்புடன்,
உண்டியல்


ஏப்ரல் 4
(பட்டறை விலாசத்துக்கு)

என் உண்டியலுக்கு,

உறையில் பட்டறை விலாசத்தைப் பார்த்துப் பதறாதே. இங்கே எல்லோரும் நலம். இதை நீ அம்மாவுக்குப் படித்துக் காட்டக் கூடாது, அதற்காகத்தான்.

முதலில் புகாரை நிறுத்து. நீ பெயர் கேட்கிற மூன்று பேரில் ஒருத்தி நான். "கழுவப்பட்டது" என்று சொன்னது நான். கோலிக்குண்டுக் கண் என்னுடையதுதான்.

ஜனவரியில் என்னை மேஜையில் உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் டப்பி மூடியதற்குப் பிறகு கிடைத்த நாற்காலி. மேஜையில் இருப்பவர் யார் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள், அதனால்தான் உன்னிடம் மழுப்பினேன். தெரிந்தவர்களுடைய காசு வந்தால் கையைத் தூக்கிவிட்டு எழுந்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. அந்த மான் கறுப்புத் துணியின்மேல் வந்து விழுந்து, கண்ணுக்குக் கீழே அந்தப் பொட்டோடு என்னைப் பார்த்தபோது, என்னால் கையைத் தூக்க முடியவில்லை. மேஜைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. "இது எங்க அப்பா காசு" என்று அந்த இருட்டு அறையில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது. மற்ற இரண்டு பேரும் அறுபத்து மூன்று என்றார்கள். மானின் வயிற்றுப் பக்கம் முடி மாதிரி நாலைந்து கோடுகள் இருக்கின்றன. அது சுருளில் உரசியது என்றார்கள். நான், "இல்லை, இது கழுவின காசு" என்றேன். அவ்வளவு நிச்சயமாக நான் எதையும் சொல்லிப் பார்க்காததால் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஏனென்றால் எனக்குத் தெரியும். கழுவும்போது பக்கத்தில் நின்றிருந்தேன்.

உனக்கு அப்போது மூன்று வயது, எனக்குப் பதினொன்று. அம்மா உனக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். நீ புழுவாக நெளிந்தாய். கையில் ஏதாவது கொடுத்தால் சும்மா இருப்பாய் என்று அப்பாவின் பெட்டியிலிருந்து அந்தக் காசை எடுத்துக் கொடுத்தாள். நீயும் சும்மா இருந்தாய். வெட்டி முடித்துப் பார்த்தால் காசைக் காணோம். நீ மட்டும் விக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

ஆமாம். விழுங்கிவிட்டாய்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். உன் வயிற்றுக்குள் ஒரு வெள்ளை வட்டம். தானாக வருகிறதா பார்ப்போம், வராவிட்டால் அறுக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா அத்தனை நாளும் ஒரு வாய் சாப்பிடவில்லை, சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பழைய எனாமல் சட்டியில் உன்னை உட்காரவைத்து, கதை சொல்லி எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. கடைசியில் காசு வந்தது. அம்மா அதை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடி, பல்பொடி போட்டு, உன்னுடைய குட்டி பிரஷ்ஷால் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள், நிறுத்தவே மாட்டேன் என்றாள்.

அன்றைக்கு அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே இந்த வீட்டுல இதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. உங்கம்மா தாங்க மாட்டா" என்றார். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்கவில்லை. அவர்தான் ஒரு வாரத்தில் உன்னை உண்டியல் என்று கூப்பிட ஆரம்பித்தார். உன் தொப்பையைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தாய் அல்லவா? அந்தப் பெயரைக் கேட்டால் அம்மா ஏன் சிடுசிடுக்கிறாள் என்று இப்போது புரிகிறதா?

மேஜையில் உட்கார்ந்தால் கண் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். நான் மனசுக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். காசு வேண்டுமானால் உன்னுடையது, தப்பு என்னுடையது. அந்தப் புகார் வந்தால் நாற்காலி போய்விடும். அதைவிட, விசாரணை அது இது என்று விஷயம் சித்தப்பா வாய்க்குப் போனால் அம்மா காதுக்கு வர எத்தனை நேரம் ஆகும்? நிறுத்திவிடு, என் ராஜா.

உன் அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

உன் கடிதத்தை மெழுகு உருக்குகிற அடுப்புக்குப் பக்கத்தில் நின்று படித்தேன். "ஆமாம். விழுங்கிவிட்டாய்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பிறகு சட்டி, பல்பொடி, அம்மா அழுதது என்று படிக்கப் படிக்க, கையிலிருந்த பல் செட்டை அடுப்பில் நழுவவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் இன்னும் ஒரு வாரம் கஞ்சிதான் குடிக்க வேண்டும்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் புகாரைத் தபாலில் போட்டேன். சித்தப்பா சீக்கிரம் வந்துவிட்டார். உனக்கு இரண்டு தடவை போன் செய்தேன். அத்தான் எடுத்து "அவ தூங்கறா, எழுப்பட்டா?" என்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று வைத்துவிட்டேன். தபால் ஆபீசில் போய்க் கேட்டேன். பெட்டிக்குள் போனது போனதுதான் என்று அங்கே இருந்த அம்மாள் கையை விரித்துவிட்டார். புகாரைத் திரும்பப் பெறுவதாக இன்னொரு கடிதம் போட்டிருக்கிறேன். எது முதலில் போய்ச் சேருமோ.

உன் நாற்காலிக்கு என்னால் ஏதாவது வந்தால் நான் என்ன செய்வேன் அக்கா? என்னை மூன்று வயதில் சட்டியில் உட்காரவைத்துக் காப்பாற்றினாய். நான் உனக்குப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கண் பார்த்தது, மனசுக்குத் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். நானும் யோக்கியன் இல்லை. போன மாதம் நம் பழைய பாட்டு டீச்சருக்குப் பல் கட்டினேன். டாக்டர் எழுதியது ஐந்தாம் கட்டை. இன்னும் கொஞ்சம் வெள்ளையான நான்காம் கட்டையில் கட்டிவிட்டேன். அவர் வாய் திறந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியுமே. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

உன் கடிதம் வரவில்லையா என்று அம்மா கேட்கிறாள். பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
(இனி இந்தப் பெயரை எழுதவே கூச்சமாக இருக்கிறது)
உண்டியல்


மே 2
(பட்டறை விலாசத்துக்கு)

அன்புள்ள உண்டியலுக்கு,

கூச்சப்படாதே. இந்த உலகத்தில் அந்தப் பெயருக்கு உன்னளவு தகுதி உள்ளவர் யாரும் இல்லை.

நீ எந்தத் தப்பும் செய்யவில்லை. உனக்குக் கடிதம் எழுதி உறையை ஒட்டும்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. புகாரை நிறுத்து என்று தம்பியிடம் கெஞ்சுகிறவள் நாளைக்கு எந்த முகத்தோடு அந்த விளக்குக்கு முன்னால் உட்காருவாள்? உறையைத் தபாலில் போட்டுவிட்டு நேரே மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டி வரைக்கும் சொன்னேன். உன் புகார் வந்தபோது அவர்களுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை.

அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "தெரிஞ்ச காசுன்னா எழுந்திருக்கணும்னு தெரியாதா?" என்றார். "தெரியும்" என்றேன். "இப்ப சொல்லுங்க, எதுவும் தெரியாத மாதிரி, கண்ணால மட்டும் பார்த்தா எவ்வளவு?" என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மானை நினைத்துப் பார்த்தேன். "அறுபத்து மூணு" என்றேன். "கழுவினது தெரியாதா?" "தெரியாது. எங்க அம்மா நல்லாத்தான் கழுவியிருக்காங்க." அப்போதுதான் அவர் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

தண்டனை உண்டு. மூன்று மாதம் மறுபடியும் மூடுகிற அறை. அது முடிந்ததும் மேஜை. என் முழங்காலுக்கு இது ஓய்வு என்று வைத்துக்கொள். உண்மையைச் சொன்னால், முதல் நாள் கீழே இறங்கிப் போனபோது வருத்தமாகத்தான் இருந்தது. பழைய சிநேகிதிகள் டீ வாங்கிக் கொடுத்தார்கள், சரியாகிவிட்டது.

உனக்குக் கம்பெனியிலிருந்து பதில் வரும். இலவசமாக நான்காம் தடவை மதிப்பெண் போட்டுத் தருவார்களாம். என்ன செய்வது என்று நீயே முடிவு செய். அம்மாவுக்கு மட்டும் எதுவும் தெரியக் கூடாது. அப்பாவிடம் கொடுத்த வார்த்தை.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: இதோடு இன்னொரு தாள் இருக்கிறது, வானிலையும் காய்கறி விலையும் எழுதியிருக்கிறேன். அதை அம்மாவுக்குப் படி.


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குத் திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். உண்மையில் அம்மா இவ்வளவு நலமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான்காம் தடவை அனுப்பவில்லை. கண்காட்சியில் காசை நடுவில் வைத்து, மூன்று சீட்டையும் வரிசையாகப் பக்கத்தில் வைத்தேன். அறுபத்து மூன்று, கழுவப்பட்டது, அறுபத்து இரண்டு. மேலே ஓர் அட்டையில் அப்பா சொன்னதை எழுதினேன்: "கைமாறாத காசு". வேறு விளக்கம் எதுவும் எழுதவில்லை. அந்த மேஜைக்கு முன்னால் இருந்த கூட்டம் வேறெங்கும் இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு புலம்பல். ஒருவர் காசு மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டதாம், இன்னொருவருக்கு அனுப்பின காசே மாறிவிட்டதோ என்று சந்தேகமாம். சித்தப்பா நடுவில் நின்று எல்லோருக்கும் தலைமை தாங்கினார். "எங்க அண்ணன் காசையே இப்படிப் பண்ணிட்டாங்க" என்று அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

கூட்டத்தில் நடக்கச் சிரமப்படுவாள் என்று அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போயிருந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் காசைப் பார்த்தாள். பிறகு சீட்டுகளை. பிறகு அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். அக்கா, அப்படி ஒரு சிரிப்பு! கண்ணாடி மடியில் விழுந்தது. சித்தி ஓடிவந்து முதுகைத் தடவினாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து வயிற்றைக் காட்டினாள்.

அவள் வயிற்றை இல்லை. என் வயிற்றை.

வீட்டுக்கு வந்ததும், "உனக்கு யார் சொன்னது?" என்று அவளே கேட்டாள். "அக்கா" என்றேன். "பட்டறைக்கு லெட்டர் போட்டாளா?" என்றாள். என்னத்தை மறைப்பது? உன் எல்லாக் கடிதங்களையும் கொண்டுவந்து படித்தேன், சட்டி, மேலாளர் அம்மா, எல்லாம். நடுநடுவே "திரும்பப் படி" என்றாள். முடிந்ததும் பேனாவை எடு என்றாள். அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தை மாற்றாமல் கீழே எழுதியிருக்கிறேன். மாற்றினால் தெரிந்துவிடும், திரும்பப் படிக்கச் சொல்கிறாள்.

அன்புடன்,
உண்டியல்


அடியே கண்ணு,

அம்மா பேசறேன். இவன் எழுதறான். நல்லா இருக்கியா? உன்னைக் கீழ எறக்கிட்டாங்களாமே. போகட்டும், மறுபடியும் ஏத்துவாங்க. நீ போய் நீயே சொன்ன பாரு, அதுக்கு உங்கப்பா இருந்திருந்தா ஊரைக் கூட்டியிருப்பாரு.

இத்தனை வருஷமா நீ வாயைத் தொறக்காம இருந்திருக்கியே, நான் தாங்க மாட்டேன்னு. எனக்கு என்ன தெரியும்? உங்கப்பாவுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு நான் பேசாம இருந்தேன். அவரு எனக்கு கஷ்டமா இருக்குமேன்னு பேசாம இருந்தாரு. ரெண்டு பேருமா சேர்ந்து உன் வாயையும் கட்டிட்டோம். கொழந்தை நீ, பதினோரு வயசு. அதை நெனைச்சாத்தான் எனக்கு ஆறலை.

ஆனா ஒண்ணு உனக்குத் தெரியாது. உங்க மாமா வந்திருந்தப்ப உங்கப்பா மொத மொதல்ல காசை எடுத்துக் காட்டி, "இது கைமாறாத காசு"ன்னாரு. சொல்லிட்டு என்னைப் பார்த்தாரு. எனக்கு பக்குன்னுச்சு. அப்புறம்தான் பொறி தட்டுச்சு. கை எங்கே மாறிச்சு? நம்ம வீட்டு ஆளு வயித்துக்குள்ள போயிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடுச்சு, அவ்வளவுதானே! சமையல்கட்டுல போய் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் நான் சிரிச்சது அன்னிக்குத்தான். அதைப் பார்த்துட்டாரு. அதுலேருந்து யாரு வந்தாலும் காசை எடுத்துடுவாரு. எனக்காகத்தான். பொய்யும் இல்லை, பெருமையும் இல்லை. சித்தப்பாவுக்கு அதெல்லாம் சொல்ல வேண்டாம், அவரு சங்கத்துல தம்பட்டம் அடிப்பாரு.

உண்டியல்னு கூப்பிட்டா மட்டும் எனக்கு நெஜமாவே கோவம் வரும். தெருவுல யாராவது காரணம் கேட்டுட்டா? பிப்ரவரியில இவன் "கழுவப்பட்டது"ன்னு சொன்னப்ப உள்ள போனேன் இல்லையா, பாதி சிரிப்பு, பாதி பயம். யாருடா அது, நான் கழுவினதைக் கண்டுபிடிச்சது, அவ்வளவு கெட்டிக்காரன்னு நெனைச்சேன். என் பொண்ணுதானா!

மாத்திரை ஒழுங்கா போடறேன். இவன் தலையை ஆட்டறான், நம்பாதே.

ஒரு விஷயம் உங்க மேலாளர் அம்மாவைக் கேட்டு எழுது. எழுபதுக்கு மேல மார்க்கே கெடையாதுன்னு இவன் சொல்றான். காசோட மொகத்துக்கு அறுபத்து மூணோ அறுபத்து ரெண்டோ, அவங்க என்ன வேணா போட்டுக்கட்டும். நீ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தே, உனக்கு ஞாபகம் இருக்குமே? அன்னிக்குக் காலையில அது எனாமல் சட்டியில "டங்"னு விழுந்துச்சே, அந்தச் சத்தத்துக்கு எவ்வளவு போடுவாங்களாம்?

உன் அம்மா